ஓடிக்கொண்டே போகிற சாமி

பூவராகவனுக்கு எடை பார்ப்பது அவன் தங்கை யசோதா. ஞாயிற்றுக்கிழமை காலையில், வெறும் வயிற்றில், சித்தூர் கொங்காரெட்டிப்பள்ளியில் இருக்கும் அவள் வீட்டுக் கூடத்தில் அது நடக்கும். மிஷினும் அவளுடையதுதான். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவள், உடம்பில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வாங்கியது. அண்ணன் முதல்முறை அதில் ஏறி நின்றபோது எண்ணைக் காட்ட மிஷின் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது.

"பயந்துக்கிச்சி," என்றாள் யசோதா. "எறங்கிட்டு மறுபடி மெதுவா ஏறு."

மெதுவாக ஏறினாலும் அதே எண்தான். மூன்று இலக்கம்.

யசோதாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கணவனின் ரத்தவகை ஒத்துவரவில்லை. அண்ணனுடையது எல்லா விதத்திலும் பொருந்தியது; இடைஞ்சலாக இருந்தது அவன் வயிறு மட்டும்தான். வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எண்பதுகளுக்குள் இறங்கி வா, சர்க்கரை எல்லையிலேயே நிற்கிறது, அது தாண்டாமல் பார்த்துக்கொள், அப்புறம் தேதி பேசலாம் என்றார். யசோதாவின் கையில் ஊசி ஏற்றுகிற நரம்பு ஏற்கெனவே இரண்டு முறை அடைத்துக்கொண்டு வேறு இடம் பார்த்தாகிவிட்டது. இன்னொரு முறை அடைத்தால் குத்த இடம் கிடையாது. தீபாவளிக்குள் மாற்றிவிட்டால் நல்லது என்று நர்ஸ் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

வயிறு ஒரே நாளில் வந்ததில்லை. பூவராகவனுக்கு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் ருசி பார்க்கிற வேலை. சீசன் வந்துவிட்டால் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு ஸ்பூன் எடுத்து நாக்கில் வைத்து, இது போகலாம், இது கூடாது என்று சொல்ல வேண்டும். துப்பிவிடலாம் என்றுதான் விதி. இருபது வருஷமாக அவன் துப்பியதில்லை. நல்ல கூழைத் துப்ப அவனுக்கு மனசு வராது. கெட்ட கூழையும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விழுங்கிவிடுவான்.

டாக்டர் சொன்னது நடக்கத்தான். நடந்துகொண்டிருந்தவனை மைதானத்தில் பிடித்தது கிரண்குமார். கடப்பாக்காரன், பேங்க் மேனேஜர், உரித்த முருங்கைக்காய் மாதிரி இருப்பான். 'முந்தடுகு', முன்னால் ஓர் அடி, என்று ஒரு ஓட்டக் குழு வைத்திருந்தான். கிராமங்களிலிருந்து டயாலிசிஸுக்கு பஸ் மாறி மாறி வருகிறவர்களுக்கு ஒரு வேன் வாங்கிக் கொடுப்பது குழுவின் நோக்கம். அதற்காக அக்டோபரில், பாகாலாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து திருப்பதி மலையடியில் இருக்கும் அலிபிரி வரை, முழு மராத்தான் ஓடப்போகிறார்கள். இவனுடைய தங்கையே ஒரு நோயாளி, அவளுக்குத்தான் இவன் சிறுநீரகம் தரப்போகிறான் என்று தெரிந்ததும் கிரண்குமார் விடவில்லை. ஸ்லோ பரவாலேது அன்னா, ஆகொத்து என்றான். மெதுவாகப் போ, நிற்காதே. அதிலிருந்து அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

வேலூரில் இதைச் சொன்னபோது டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். ஓடுவதானால் ஓடு, முட்டி வலிக்கிறது என்று மாத்திரை போடக்கூடாது, உடம்பைக் காயவிடக்கூடாது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இரண்டில் எது தப்பினாலும் அடி சிறுநீரகத்துக்கு என்றார். பூவராகவன் தலையாட்டினான். யசோதா அதைக் கேட்டு, ஒருத்தருக்குக் குடிக்காதே என்கிறார்கள், ஒருத்தருக்குக் குடி குடி என்கிறார்கள், நம் இரண்டு பேரையும் ஒரு குடத்தில் போட்டுக் குலுக்கினால் சரியாக இருக்கும் என்றாள். அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான் அளவு.

முதல் இரண்டு மாதம் பூவராகவன் ஓடியதை ஓட்டம் என்று அவனும் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் மனைவி மல்லிகா ஒருநாள் மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டு, கையெல்லாம் ஓடுகிறது, கால்தான் யோசிக்கிறது என்றாள். ஆனால் எடை இறங்கியது. ஆடி போய் ஆவணி வந்தபோது மிஷின் யோசிக்காமல் எண்ணைக் காட்டியது. இரண்டு இலக்கம். யசோதா அன்றைக்கு மிஷினைத் துடைத்து வைத்தாள்.

சிக்கல் டி-ஷர்ட்டில் ஆரம்பித்தது. குழுவுக்கு உடை எடுத்துக் கொடுக்க முன்வந்தது பூவராகவனின் தொழிற்சாலை. முதலாளி மாம்பழ நிறம்தான் வேண்டும் என்றார். நல்ல பழுத்த மஞ்சள். கிரண்குமாருக்கும் பிடித்திருந்தது; ரோட்டில் லாரிக்காரனுக்குத் தூரத்திலிருந்தே தெரியும் என்றான். பூவராகவனுக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. என்ன என்று புரிவதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது.

கிரண்குமாருக்குப் புரட்டாசி என்றால் செப்டம்பரில் பாதி. வேலூர், குடியாத்தம் பக்கத்துத் தமிழர்களுக்கு அப்படியில்லை. மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாக, அதே ரோட்டில் ஏழுமலையானைப் பார்க்க நடந்து போவார்கள். சனிக்கிழமையானால் வழியில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் ரோட்டோரம் பந்தல் போட்டு, மோரும் பானகமும் புளியோதரையும் வைத்துக்கொண்டு நிற்கும். நடந்து போகிறவன் ஒரு வாய் வாங்கிக்கொண்டால்தான் அந்த வீட்டு வேண்டுதல் நிறைவேறியதாகக் கணக்கு. வாங்காமல் போனால், போகிறவனுக்கு ஒன்றுமில்லை, நிற்கிறவளுக்குத்தான் குறை. நகரியில் பூவராகவனின் அம்மா, வேண்டாம் என்ற ஒரு யாத்திரிகனின் பின்னாலேயே தம்ளரோடு ஊர் எல்லை வரை ஓடியிருக்கிறாள்.

குழுவின் நீண்ட பயிற்சி ஓட்டங்கள் பந்தயப் பாதையிலேயே நடந்தன, சனிக்கிழமைகளில். பாகாலா பக்கத்தில் வேனிலிருந்து இறங்கி, திருப்பதியை நோக்கி ஓட வேண்டும். முதல் சனிக்கிழமை மற்றவர்கள் பந்தல்களைத் தாண்டிப் பறந்துவிட்டார்கள். கூப்பிட்டது அவர்கள் காதில் விழவில்லை. விழுந்தாலும் கையைக் காட்டிவிட்டுப் போகிற வேகம் இருந்தது. கடைசியாக வந்தது பூவராகவன். வேகமும் இல்லை, காதும் நன்றாகக் கேட்டது.

சந்திரகிரிக்கு முந்தின ஊரில் செல்லியம்மாவின் பந்தல் இருந்தது. ஐம்பத்தைந்து வயது இருக்கும், கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்து இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் பார்க்கிறவள். ரோட்டின் நடுவுக்கே வந்து கையை விரித்து மறித்தாள்.

"எங்க போற சாமி?"

"திருப்பதிக்கு." பொய் சொல்ல அவனுக்கு மூச்சில்லை.

"கூட்டமெல்லாம் நடந்து போவுது. நீ ஓடிக்கினே போறியா?"

"ஆமா."

அவள் முகம் மாறியது. தான் யாத்திரிகன் இல்லை, இது கிட்னி நோயாளிகளுக்காக ஓடுகிற ஓட்டம் என்று அவன் விளக்கப் பார்த்தான். உங்கள் வீட்டில் யாருக்காவதா என்று அவள் கேட்டாள். தங்கைக்கு என்றான். அவ்வளவுதான். கூடப்பிறந்தவளுக்காக ஓடிக்கொண்டே மலைக்குப் போகிற ஒருத்தன். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. ஒவ்வொரு வார்த்தையும் அவனை இன்னும் ஆழமாக யாத்திரிகன் ஆக்கியது. செல்லியம்மா அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். நெய் இலையைத் தாண்டி ஓடியது.

அவன் அம்மாவை நினைத்துக்கொண்டான். தின்றான்.

அடுத்த நாள் மிஷின் ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றிக் காட்டியது. யசோதா அவனைச் சுற்றி வந்து பார்த்தாள். ஓடினால் இளைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஓடி ஓடிக் குண்டானவன் நீ ஒருத்தன்தான் என்றாள். அவன் பொங்கலை ஒப்புக்கொண்டான். மூன்று பந்தல், இரண்டு பொங்கல், ஒரு புளியோதரை. பானகத்தை அவன் சொல்லவில்லை. அவள் அவன் விரலில் ஊசி குத்தி சர்க்கரை பார்த்தபோது அதுவும் தெரிந்துவிட்டது.

"வாணாம்னு சொல்ல வாய் வராதா ஒனக்கு?"

"எப்பிடிம்மே சொல்றது? கால்ல வுயறாங்க."

"எனக்கு வர்ற கிட்னில நெய் வாசன அடிக்கப்போவுது."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று மத்தியானம் டயாலிசிஸ் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததை மல்லிகா கவனித்து வீட்டில் வந்து சொன்னாள். தொட்டால் உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுகிற மாதிரி இருக்க வேண்டுமாம். அந்த விர் குறைந்திருக்கிறது.

இரண்டாவது சனிக்கிழமை யசோதா குழுவின் வேனில் ஏறிக்கொண்டாள். சனிக்கிழமை அவளுக்கு டயாலிசிஸ் இல்லை. வேனில் உட்கார்ந்து ஓடுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதாகக் கிரண்குமாரிடம் சொன்னாள். உண்மையில் அவள் போனது பந்தல்களுக்கு. அண்ணன் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பந்தலிலும் இறங்கி, பின்னால் மஞ்சள் சட்டையில் குண்டாக ஒருத்தர் வருவார், அவர் என் அண்ணன், எனக்காக வேண்டிக்கொண்டு ஓடுகிறார், கடும் விரதம், மலையடிக்குப் போகிற வரை வாயில் எதுவும் படக்கூடாது என்று சொன்னாள். செல்லியம்மா கையைக் கூப்பி, மோராவது என்று இழுத்தாள்.

"பச்சத்தண்ணிகூட ஆவாது," என்றாள் யசோதா.

இந்தக் கடைசி வார்த்தை தேவையே இல்லை. சும்மா ஒரு அழுத்தத்துக்காகச் சொன்னாள். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று வேனில் ஏறி உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள்.

பலித்தது. யாரும் சாப்பாடு நீட்டவில்லை. பதிலாக, பூவராகவன் வரும்போது பந்தலில் பேச்சு நின்றது. பெண்கள் குடத்தில் மஞ்சள் நீர் கொண்டுவந்து அவன் காலில் ஊற்றினார்கள். ஷூவுக்குள் நீர் புகுந்து, சாக்ஸ் ஊறி, மிச்ச தூரத்தில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வந்தது. ஒரு தாய் கைக்குழந்தையை அவன் காலடியில் கிடத்திவிட்டாள். அதைத் தாண்டாமல் சுற்றிப் போக அவன் முள்வேலிவரை போய்வர வேண்டியிருந்தது. தண்ணீர் குடிக்க அவன் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வேனுக்குள் ஏறி, திரையை இழுத்துவிட்டு, தரையில் குந்திக்கொண்டு குடித்தான். யசோதா வெளியே காவல் இருந்தாள். சாராயம் குடிக்கிறவன்கூட இவ்வளவு பயந்து குடித்து நான் பார்த்ததில்லை என்றாள்.

ஆனால் எடை இறங்கியது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. எண்பதுகளின் உள்ளே, வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தாகிவிட்டது. வேலூரில் கடைசிப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தார்கள்: பந்தயம் சனிக்கிழமை, பரிசோதனை அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை. சிறுநீரகம் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தால் அந்த மாதமே ஆபரேஷன். ஏதாவது ஏறக்குறைய இருந்தால் மறுபடி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். யசோதாவின் கைக்கு மூன்று மாதம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

எடைதான் வந்துவிட்டதே, பந்தயத்தை விட்டுவிடேன் என்று மல்லிகா சொன்னாள். யசோதாவும் சொன்னாள். பூவராகவன் கேட்கவில்லை. அவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து பாதியில் நின்றவன். மாடி கட்ட ஆரம்பித்து, கம்பி நீட்டிக்கொண்டு ஒன்பது வருஷமாக நிற்கிறது. தெலுங்கு எழுதப் படிக்கிற வகுப்புக்கு 'க' வரை போனான். இந்த ஒன்றையாவது கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை. முதலாளி தொழிற்சாலை கேட்டில் என் படத்தைப் பெரிதாக ஒட்டியிருக்கிறார், இப்போது நின்றால் நன்றாக இருக்காது என்று சொன்னான். படத்தில் வயிற்றைக் கம்ப்யூட்டரில் குறைத்திருந்தார்கள். அந்த அளவுக்கு அவன் இன்னும் வந்து சேரவில்லை.

பந்தயத்தை நடத்தியது பெங்களூரிலிருந்து வந்த ஒரு நிறுவனம். ரோட்டில் துணை வேன் எதுவும் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் மேஜைகளை ஊர்களில் வைத்து, அதில் நிற்க அந்தந்த ஊர் டுவாக்ரா மகளிர் சுயஉதவிச் சங்கப் பெண்களையே ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டது நல்ல யோசனை என்று கிரண்குமார் மெச்சினான். அந்தச் சனிக்கிழமையும் புரட்டாசியில்தான் வந்தது என்பது நடத்தியவர்களுக்குத் தெரியாது.

யசோதா வேனில் விடியற்காலையிலேயே கிளம்பி, செல்லியம்மாவின் பந்தலுக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் இதற்குள் சிநேகிதமாகியிருந்தார்கள்.

பூவராகவன் கையில் கொண்டுபோன பாட்டில் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்தது. அடுத்த ஊர் மேஜையில் வரிசையாகத் தம்ளர்கள் இருந்தன. அவன் கையை நீட்டினான். மேஜைக்குப் பின்னால் நின்ற பெண் தம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"சாமி, வேண்டுதல்," என்றாள் மெதுவாக, அவன் மறந்துவிட்டான் என்று நினைத்து.

பக்கத்தில் நின்றவள் கையைக் கூப்பினாள். அவனுக்கு முன்னால் ஓடியவனும் பின்னால் வந்தவனும் குடித்துவிட்டு, தலையில் ஊற்றிக்கொண்டு போனார்கள். பூவராகவன் கொஞ்ச நேரம் நின்றான். இது பொய், என் தங்கை சும்மா சொன்னது என்று சொல்ல வாயெடுத்தான். மேஜைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து முகங்கள். சொல்லவில்லை. அவன் சாமி பயம் அதிகம் உள்ளவனும் இல்லை. ஆனால் யசோதா பெயரில் ஒரு வேண்டுதல், அது யார் எதற்குச் சொன்னதாக இருந்தாலும், சொல்லியாகிவிட்டது. அதைத் தன் வாயால் உடைத்து, வருகிற செவ்வாய்க்கிழமை ஏதாவது ஆனால்? முட்டாள்தனம் என்று அவனுக்கே தெரிந்தது. அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடினான்.

அடுத்த ஊரிலும் அதேதான். செய்தி அவனைவிட வேகமாக ஓடியது. மூன்றாவது ஊரில், அவன் வருவது தெரிந்ததும் தம்ளர்களின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார்கள், பார்த்தால் ஆசை வரும் என்று. ஊர்களுக்கு நடுவில் கடை எதுவும் திறக்கவில்லை. பந்தயத்துக்காக ரோட்டையே அடைத்திருந்தார்கள். குழுவை முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாகக் கிளம்பிய கிரண்குமார் ஒரு வளைவில் தாண்டிப் போனான். பின்னால் திரும்பி, ஆகொத்து அன்னா என்றான். பூவராகவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

செல்லியம்மாவின் பந்தலை அவன் கண்டபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டது. யாரோ கோவிந்தா என்றார்கள். யசோதா நாற்காலியிலிருந்து, சிரிப்பதற்குத் தயாராக எழுந்தாள். பக்கத்தில் வந்ததும் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. சட்டை காய்ந்திருந்தது.

"வேர்வை இன்னா ஆச்சி?"

"நின்னுபோச்சி," என்றான். அது நல்ல விஷயம் என்பதுபோல.

"தண்ணி எத்தினி குடிச்ச?"

அவன் தம்ளர் பிடித்து நின்ற பெண்களைப் பார்த்தான். அவர்கள் பெருமையாக அவனைப் பார்த்தார்கள். யசோதாவுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு, தான் சொன்ன கடைசி வார்த்தை இத்தனை தூரம் தன் அண்ணனுக்கு முன்னால் ஓடியிருப்பது புரிந்தது. தண்ணீர் இல்லாத உடம்பு எப்படி இருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ரோட்டில் யாரும் இல்லை.

பானையில் சொம்பை விட்டு மொண்டாள். செல்லியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பண்ற கண்ணு? இத்தினி தூரம் வந்துட்டாரு. மல தெரியுது பாரு. இப்ப வேண்டுதல வுட்டா சாமி கோச்சிக்காதா?"

"வேண்டிக்கினது நானு. கோச்சிக்கினா எம்மேல கோச்சிக்கட்டும். எனக்குப் புதுசா இன்னா பண்ணிடப் போவுது?"

செல்லியம்மா யசோதாவின் கையைப் பார்த்தாள். முழங்கைக்கு மேலும் கீழும், கயிறு புதைத்துவைத்த மாதிரி புடைத்து நிற்கிற நரம்பு, அதில் வரிசையாக ஊசித் தழும்பு. அவள் பிடியை விட்டுவிட்டு, சொம்பைத் தானே வாங்கி, பூவராகவனின் வாயில் ஊற்றினாள். அவன் மூச்சுவிடாமல் குடித்தான். இன்னொரு சொம்பு. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டியதற்கு செல்லியம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சத்தம் நின்றது.

தண்ணீர் உள்ளே போனதும் பூவராகவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்து மலையைப் பார்த்தான். சந்திரகிரி தாண்டினால் திருப்பதி, ஊரைச் சுற்றிக்கொண்டு அலிபிரி. இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் என்றான். நடந்தாவது போய்விடுகிறேன் என்றான்.

"ஏறு வண்டில."

"யசோ, இத்தினி தூரம் வந்துட்டு..."

"நீ வெச்சினு ஓடறது எங் கிட்னி," என்றாள். "உன்னுது இன்னொண்ணு கீது இல்ல? அத வெச்சினு அடுத்த வருசம் ஓடு. எவளும் கேக்க மாட்டா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பூவராகவன் ரோட்டைப் பார்த்தான். ஒரு பெங்களூர்க்காரன், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அவனைத் தாண்டி நொண்டிக்கொண்டே ஓடினான். அவனுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. தங்கையிடம் கோபமாகவும் இருந்தது. பொய் சொன்னவள் அவள், தண்ணீர் கிடைக்காமல் செத்தவன் இவன், இப்போது பாதியில் ஏறச் சொல்வதும் அவளே. அந்தக் கோபத்தோடேயே சட்டையில் குத்தியிருந்த நம்பர் அட்டையைக் கழற்றினான். நான்கு ஊக்கில் ஒன்று வரவில்லை. செல்லியம்மா கழற்றிக் கொடுத்தாள்.

பந்தலுக்குப் பின்னால் புளியமரத்து நிழலில் வேன் நின்றிருந்தது. டிரைவர் சாவியைத் திருகினான். யசோதா அணைக்கச் சொன்னாள். அண்ணன் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து என்ன நிறம் என்று சொல்கிற வரை வண்டி நகராது என்றாள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு வருஷம் டயாலிசிஸ் வார்டில் படுத்து எழுந்தவளுக்கு இதில் வெட்கப்பட ஒன்றும் பாக்கி இருக்கவில்லை.

பூவராகவன் முள்புதர்ப் பக்கம் போய், சீக்கிரமே திரும்பி வந்தான்.

"கொஞ்சம்தான். கறுப்பா டீ டிகாஷன் மாதிரி."

யசோதா வாயைத் திறக்காமல் இன்னொரு பாட்டிலை நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அவள் கேலி செய்யாமல் இருந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும். அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது. குடித்தான். அதற்குள் செல்லியம்மா இலையோடு வந்துவிட்டாள். வேண்டுதல்தான் முடிந்துவிட்டதே, இப்போது துன்னலாம் இல்லையா என்று கேட்டாள். பொங்கல் ஆவி பறந்தது. யசோதா இலையை வாங்கி டிரைவரிடம் கொடுத்துவிட்டு, மோர் இருந்தால் கொடுங்கள், உப்புப் போட்டு என்றாள். மோர் சொம்பு சொம்பாக வந்தது. அவன் குடிப்பதை அவள் ஒவ்வொரு மடக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அன்றைய பங்கு பையில் மூடி திறக்காமல் கிடந்தது.

கிரண்குமாரிடமிருந்து போன் வந்தது. அவன் அலிபிரியில் இருந்தான். அன்னா எங்கே, போட்டோவுக்கு ஆள் நிற்கிறார்கள் என்றான். வண்டியில் இருக்கிறார், போட்டோவுக்கு வேறு யாரையாவது நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு யசோதா போனை வைத்தாள்.

இரண்டாவது முறை போய் வந்தபோது, டிகாஷனில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றான். அவள் தலையாட்டி, மறுபடி மோர் கொடுத்தாள். பந்தலில் மேஜையை மடித்தார்கள். கடைசியாக ஓடியவனும் போய்விட்டான். ரோட்டைத் திறந்துவிட, லாரிகள் வர ஆரம்பித்தன. டிரைவர் பொங்கலை முடித்துவிட்டு சீட்டில் சாய்ந்து தூங்கிப்போனான். செல்லியம்மா வேன் படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவளுக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மூன்றாவது முறை பூவராகவன் புதருக்குப் பின்னால் போனவன் வரவில்லை. யசோதா எட்டிப் பார்த்தாள். அவன் முதுகு தெரிந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தான். லாரி ஒன்று போனது, இன்னொன்று போனது. பிறகு ஒரு காலை நொண்டிக்கொண்டு நிதானமாக வந்தான்.

"இன்னா கலரு?"

"எலுமிச்சம்பழ ஜூஸ்ல தண்ணி ஜாஸ்தி ஊத்தன மாதிரி."

"எரிச்சல்?"

"இல்ல."

"நல்லாப் போச்சா?"

"நிக்கவே இல்ல."

செல்லியம்மா மலைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து, பாத்திரம் கழுவப் போனாள். யசோதா தன் பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து, ஒரே ஒரு மடக்கு குடித்து, மூடினாள். அவளுக்கு அப்படி நிற்காமல் சிறுநீர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

"குடுத்து வெச்சவன்," என்றாள் டிரைவரைத் தட்டி எழுப்பிக்கொண்டே. "எடுப்பா வண்டிய."